கணிப்பொறிக்குள் ஒரு சுரங்கப்பாதை

2015-ஆம் ஆண்டு ஜூலை 29-ஆம் நாள் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் 10 என்னும் இயக்க அமைப்பை வெளியிட்டது. விண்டோஸ் 7, விண்டோஸ் 8.1 ஆகிய பழைய பதிப்புகளை வைத்திருந்தவர்கள் அதை இலவசமாகவே ஏற்றிக் கொள்ள முடிந்தது. பலரும் ஆவலோடு ஏற்றினார்கள். ஆனால் அவர்களுள் சிலருக்கு ஒரு விசித்திரமான தொல்லை காத்திருந்தது. திரை வந்தது, விசைப்பலகை வேலை செய்தது, பழைய கோப்புகள் எல்லாம் பத்திரமாக இருந்தன. இணையம் மட்டும் இல்லை! கம்பியைச் செருகினாலும் வரவில்லை. வை-ஃபை பட்டியலைத் திறந்தால் ஒரு பெயர்கூடத் தென்படவில்லை. பக்கத்திலேயே இருந்த வேறு கணிப்பொறி அதே வை-ஃபையில் ஒழுங்காக இயங்கிக் கொண்டிருந்தது.

கணிப்பொறியில் எந்தக் கோளாறு வந்தாலும் நாம் முதலில் என்ன செய்வோம்? இணையத்தில் தேடிப் பார்ப்போம். இணையமே போய்விட்டால் எங்கே தேடுவது? பலர் நெட்வொர்க் கார்டுதான் எரிந்து போயிற்று என்று முடிவு கட்டினார்கள். ஆனால் கார்டில் ஒரு பழுதும் இல்லை.

குற்றவாளி யார் என்பதை மைக்ரோசாஃப்ட் பின்னர் அறிவித்தது. அந்தக் கணிப்பொறிகளில் பழைய வி.பி.என். மென்பொருள் இருந்தது. அது தன்னுடன் 'டிட்டர்மினிஸ்டிக் நெட்வொர்க் என்ஹான்சர்' என்ற ஒரு சிறு வடிகட்டியைக் கொண்டு வந்து, கணிப்பொறியின் உள்ளே ஆழமான ஓரிடத்தில் பொருத்தியிருந்தது. விண்டோஸ் மாறியபோது மற்ற பகுதிகள் புதிய வீட்டுக்கு முறையாகக் குடிபெயர்ந்தன. இந்த வடிகட்டி மட்டும் அரைகுறையாக வந்து வழியை மறித்துக் கொண்டு நின்றது.

இந்த வடிகட்டிக்கு அங்கே என்ன வேலை? அதை அறிய, கணிப்பொறியின் உள்ளே ஒரு செய்தி எப்படிப் பயணம் செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

டிரைவர் என்பது யார்?

டிரைவர் என்றதும் பஸ் ஓட்டுபவர்தான் நினைவுக்கு வருவார். கணிப்பொறியில் டிரைவர் என்பது ஒரு மென்பொருள். அதன் வேலை மொழிபெயர்ப்பு. நெட்வொர்க் கார்டுகளைப் பல நிறுவனங்கள் செய்கின்றன. ஒவ்வொரு சில்லுக்கும் தனித்தனிப் பழக்கங்கள் உண்டு. 'இந்தச் செய்தியை அனுப்பு' என்று விண்டோஸ் பொதுவாகச் சொல்லும் கட்டளையை, குறிப்பிட்ட அந்தச் சில்லுக்குப் புரியும்படி மாற்றிச் சொல்வது டிரைவர். கார்டு நல்ல நிலையில் இருந்தாலும் டிரைவர் இல்லாவிட்டால் அது வெறும் தகடுதான்.

டிரைவர்கள் பெரும்பாலும் 'கெர்னல்' எனப்படும் இயக்க அமைப்பின் கருவறையில் இருந்து வேலை செய்கின்றன. நீங்கள் விளையாடும் விளையாட்டு செயலிழந்தால் அது மட்டும் மூடிக் கொள்ளும். மற்றவை ஓடிக் கொண்டே இருக்கும். கருவறையில் உள்ள ஒன்று தவறினால் கணிப்பொறியே விழுந்து விடும். 2024 ஜூலை 19 அன்று க்ரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளுக்கு அனுப்பப்பட்ட பிழையான ஒரு கோப்பை அதன் கெர்னல் டிரைவர் படித்தது. அவ்வளவுதான். ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் நீலத் திரையோடு நின்று விட்டதாக மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது. அது வி.பி.என். அல்ல, ஆனால் டிரைவர்களை ஏன் மரியாதையோடு அணுக வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடைக்காது.

இனி அடுக்குகளைப் பார்ப்போம். நீங்கள் ஒரு இணையப் பக்கத்தைக் கேட்கிறீர்கள் என்று வைத்துக் கொள்வோம். மேலே உலாவி இருக்கிறது. அதற்குக் கீழே டி.சி.பி., ஐ.பி. என்னும் விதிமுறைகளைக் கையாளும் பகுதி. உங்கள் கேள்வியைச் சிறு சிறு பொட்டலங்களாகக் கட்டி, முகவரி எழுதித் தருவது இதன் வேலை. அதற்கும் கீழே நெட்வொர்க் கார்டின் டிரைவர். எல்லாவற்றுக்கும் அடியில் கார்டு. முகவரி எழுதும் பகுதிக்கும் டிரைவருக்கும் நடுவில் ஓர் இடைவெளி உண்டு. போகிற வருகிற எல்லாப் பொட்டலங்களையும் பார்க்க விரும்பும் மென்பொருள்கள் தங்கள் வடிகட்டிகளை அங்கேதான் செருகுகின்றன. நச்சுநிரல் தடுப்பான் செருகும். வயர்ஷார்க் போன்ற ஆய்வுக் கருவிகள் செருகும். ஒரு கணிப்பொறிக்குள் இன்னொரு கணிப்பொறியை இயக்கிக் காட்டும் மென்பொருள்களும் செருகும். பழைய வி.பி.என். செருகியதும் அங்கேதான். ஒரே குழாயில் நான்கு சல்லடைகள் என்க. நான்கில் ஒன்று அடைத்துக் கொண்டாலும் குழாயில் தண்ணீர் வராது.

உறைக்குள் உறை

வி.பி.என். என்பது 'வர்ச்சுவல் பிரைவேட் நெட்வொர்க்' என்பதன் சுருக்கம். தூரத்து ஊரில் தங்கியிருக்கும் ஒருவர் தம் அலுவலகத்தின் உள் நெட்வொர்க்கில் அமர்ந்திருப்பது போலவே வேலை செய்ய உதவும் ஏற்பாடு இது. இடையில் உள்ளது பொது இணையம்தான். ஆனால் அதன் ஊடே யாரும் எட்டிப் பார்க்க முடியாத ஒரு சுரங்கப்பாதை போடப்படுகிறது.

இது எப்படிச் சாத்தியமாகிறது? வி.பி.என். மென்பொருள் உங்கள் கணிப்பொறியில் இல்லாத ஒரு கார்டை இருப்பது போல் காட்டுகிறது! சில்லும் இல்லை, கம்பியும் இல்லை, டிரைவர் மட்டும் இருக்கிறது. இதைக் கற்பனைக் கார்டு என்று சொல்லலாம். இந்தக் கார்டுக்குக் கொடுக்கப்படும் பொட்டலம் வெளியே போவதில்லை, அது வி.பி.என். நிரலின் கைக்கு வருகிறது. நிரல் அதை மறைகுறியாக மாற்றி, ஓர் உறைக்குள் இட்டு, வி.பி.என். நிலையத்தின் முகவரியை மேலே எழுதி, மறுபடியும் உண்மைக் கார்டின் வழியாக அனுப்புகிறது. நடுவில் உள்ள எவருக்கும் தெரிவது மேலுறை மட்டுமே. நிலையத்தில் மேலுறை பிரிக்கப்பட்டு, உள்ளே இருக்கும் கடிதம் உரியவரைச் சேர்கிறது. ஆக, நிலையத்தை நடத்துபவருக்கு உள்ளுறையின் முகவரி தெரியும். 'எங்கள் வி.பி.என். இருந்தால் உங்களை எவரும் காண முடியாது' என்ற விளம்பரங்களைப் படிக்கும்போது இதை நினைத்துக் கொள்ளுங்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு பொட்டலமும் கணிப்பொறியின் அடுக்குகளில் இரண்டு முறை இறங்குகிறது: உள்ளுறையாக ஒரு முறை, மேலுறையோடு ஒரு முறை. வடிகட்டிகள் இரண்டு முறையும் அதைத் தொட வாய்ப்பு உண்டு. வி.பி.என். இல்லாதபோது சாதுவாக இருந்த ஒரு டிரைவர், வி.பி.என். வந்ததும் முரண்டு பிடிப்பதற்கு இது ஒரு காரணம்.

எல்லாப் பொட்டலங்களும் உண்மைக் கார்டை விட்டுவிட்டுக் கற்பனைக் கார்டுக்கு எப்படி வருகின்றன? இதில் ஓர் அழகான தந்திரம் இருக்கிறது. கணிப்பொறியில் வழி அட்டவணை ஒன்று உண்டு. 'இந்த முகவரிகளுக்கு இந்த வழியே போ' என்று அதில் எழுதியிருக்கும். வேறெதுவும் பொருந்தாவிட்டால் பின்பற்ற வேண்டிய பொது வழி ஒன்றும் இருக்கும். அது வீட்டு ரூட்டரைக் காட்டும். இரண்டு வரிகள் பொருந்தினால் எதைப் பின்பற்றுவது? குறுகிய வட்டாரத்தைக் குறிப்பிடும் வரிக்கே முன்னுரிமை. ஓப்பன் வி.பி.என். என்ற மென்பொருள் இந்த விதியைப் பயன்படுத்திக் கொள்கிறது. மொத்த முகவரிகள் ஏறத்தாழ 429 கோடி. அது பொது வழியை அழிப்பதில்லை. உலகத்தை இரண்டு பாதியாக வெட்டி, 0.0.0.0 முதல் 127.255.255.255 வரை ஒரு வரி, 128.0.0.0 முதல் 255.255.255.255 வரை இன்னொரு வரி என்று எழுதி, இரண்டையும் கற்பனைக் கார்டை நோக்கித் திருப்புகிறது. ஒவ்வொரு பாதியும் முழுமையைவிடக் குறுகியது அல்லவா? எனவே பொது வழி இருந்தும் பயன்படாமல் போகிறது. வி.பி.என். முடிந்ததும் இரு வரிகளையும் நீக்கினால் போதும். பழைய வழி அப்படியே கிடைத்து விடும்.

வி.பி.என். நிலையத்தின் முகவரிக்கு மட்டும் 'உண்மைக் கார்டு வழியாகவே போ' என்று தனியே ஒரு வரி வேண்டும். அது ஏன் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். அந்த வரி இல்லாவிட்டால் மேலுறையும் சுரங்கத்துக்குள்ளேயே திரும்பும், அதற்கு இன்னொரு மேலுறை, அதற்கும் ஒன்று! இரண்டு வி.பி.என். மென்பொருள்களை ஒரே நேரத்தில் இயக்கும்போது இந்த அட்டவணையில்தான் பெரும்பாலும் சண்டை மூளுகிறது. ஒன்று எழுதியதை மற்றது அடித்துத் திருத்தும். ஒரே கற்பனைக் கார்டுக்கு இரண்டும் போட்டியிடுவதும் உண்டு. அத்தகைய கார்டை ஒரு சமயத்தில் ஒரு நிரல்தான் திறக்க முடியும்.

அறுபது பைட் தொல்லை

எல்லாத் தொல்லைகளிலும் என்னை அதிகம் கவர்வது இதுதான், ஏனென்றால் இது வெறும் கூட்டல் கழித்தல் கணக்கு.

ஈதர்நெட் கம்பியில் ஒரு தடவை அனுப்பக் கூடிய பொட்டலத்தின் உச்ச அளவு வழக்கமாக 1500 பைட். உறைக்குள் உறை இட்டால் மேலுறைக்கும் கனம் உண்டு. வயர்கார்டு என்ற வி.பி.என்.னை எடுத்துக் கொள்வோம். 2020 மார்ச்சில் வெளியான லினக்ஸ் 5.6 பதிப்பில் அது கெர்னலிலேயே சேர்க்கப்பட்டது. அதன் மேலுறைக்கு ஐ.பி. தலைப்பு 20 பைட், யு.டி.பி. தலைப்பு 8 பைட், வயர்கார்டின் சொந்தக் குறிப்புகள் 32 பைட், ஆக 60 பைட் தேவை. புதிய வகை ஐ.பி. முகவரி என்றால் தலைப்பே 40 பைட், மொத்தம் 80. ஆகவே எதற்கும் இடம் இருக்கட்டும் என்று வயர்கார்டு தன் கற்பனைக் கார்டின் உச்ச அளவை 1500-லிருந்து 80 கழித்து 1420 என்று வைத்துக் கொள்கிறது.

இந்தக் கழித்தலை யாராவது செய்யத் தவறினால்? உள்ளுறை 1500 பைட்டாகவே வரும். மேலுறையோடு 1560 ஆகும். வழியில் உள்ள ரூட்டர் ஒன்று 'பெரிதாக இருக்கிறது' என்று அதைக் கீழே போடும். போட்டுவிட்டு, அனுப்பியவருக்குத் தகவல் சொல்ல வேண்டும். ஆனால் சில இடங்களில் பாதுகாப்புக் கருதி அந்தத் தகவலையே தடுத்து வைத்திருப்பார்கள். அப்போது பொட்டலம் போன இடமே தெரியாது.

இதன் அறிகுறி மிகவும் குழப்பமானது. சிறு பொட்டலங்கள் எல்லாம் ஒழுங்காகப் போகும். பெரியவை மட்டும் மறையும். வி.பி.என். 'இணைந்தது' என்று காட்டும். கடவுச்சொல் ஏற்கப்படும். பக்கத்தின் தலைப்புக்கூட வரும். பிறகு படம் பாதியில் நிற்கும். கோப்பு ஏறவே ஏறாது. 'ஒரு சமயம் வருகிறது, ஒரு சமயம் வரவில்லை' என்று பலர் சொல்வது இதைத்தான். டிரைவரை மாற்றியும் பயனில்லை, கம்பியை மாற்றியும் பயனில்லை என்றால் அளவைச் சந்தேகிக்க வேண்டும்.

இதை நீங்களே சோதிக்கலாம். 'பிங்' என்பது ஒரு முகவரிக்குச் சிறு பொட்டலம் அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை. எவ்வளவு பெரிய பொட்டலம், அதை வழியில் துண்டாக்கலாமா கூடாதா என்பதையும் அதில் குறிப்பிடலாம். துண்டாக்கக் கூடாது என்று சொல்லி 1472 பைட் அனுப்பிப் பாருங்கள். தலைப்புகளுக்கு 28 சேர்த்தால் சரியாக 1500. வி.பி.என். இல்லாமல் ஈதர்நெட் அளவுள்ள இணைப்பில் இது போகும். வி.பி.என். வந்த பின் போகாது. அளவைப் படிப்படியாகக் குறைத்துக் கொண்டே வந்தால், எங்கே பதில் வரத் தொடங்குகிறதோ அதனுடன் 28-ஐக் கூட்டினால் உங்கள் சுரங்கத்தின் உண்மையான அகலம் தெரிந்து விடும். வயர்கார்டில் அந்த எல்லை வழக்கமாக 1392.

கோளாறைத் துரத்துவது எப்படி?

வைத்தியர் நாடி பார்ப்பது போல, அடியிலிருந்து மேலே போக வேண்டும். பிங் கட்டளையே போதும்.

முதலில் 127.0.0.1 என்ற முகவரிக்கு அனுப்புங்கள். இது கணிப்பொறி தன்னையே அழைக்கும் முகவரி. பொட்டலம் கார்டைத் தொடுவதே இல்லை. இதற்கே பதில் இல்லையென்றால் கோளாறு டி.சி.பி., ஐ.பி. பகுதியிலோ அதற்கு மேலோ இருக்கிறது. பதில் வந்தால் அடுத்து வீட்டு ரூட்டரின் முகவரிக்கு அனுப்புங்கள். இங்கே நின்று போனால் கார்டு, அதன் டிரைவர், நடுவிலுள்ள வடிகட்டிகள் ஆகிய மூன்றின்மீதும் சந்தேகம் விழுகிறது. உங்கள் கணிப்பொறியின் முகவரி 169.254 என்று தொடங்குகிறதா என்றும் பாருங்கள். ரூட்டரிடமிருந்து முகவரி கிடைக்காதபோது கணிப்பொறி தனக்குத் தானே சூட்டிக் கொள்ளும் எண் அது.

ரூட்டர் பதில் சொன்னால் வெளியே உள்ள எண் முகவரி ஒன்றுக்கு அனுப்பலாம், 8.8.8.8 எளிதில் நினைவில் நிற்கும். அதற்கும் பதில் வருகிறது, ஆனால் பெயரைத் தட்டினால் எந்தத் தளமும் வரவில்லை என்றால், பெயரை எண்ணாக மாற்றித் தரும் டி.என்.எஸ். பகுதியில் பிழை. வி.பி.என். இயங்கும்போது அந்த வேலையைத் தன் நிலையத்துக்கு மாற்றிக் கொள்வது வழக்கம். திடீரென மின்சாரம் நின்று போய், மாற்றியதைப் பழையபடி வைக்காமல் மறைந்து விட்டால் இந்த நிலை ஏற்படும்.

வெளியே எதற்குமே பதில் இல்லை, ஆனால் ரூட்டர் மட்டும் பேசுகிறது என்றால் வி.பி.என். மென்பொருளின் அமைப்பில் 'கில் சுவிட்ச்' இருக்கிறதா என்று தேடுங்கள். சுரங்கம் அறுந்தால் ஒரு பொட்டலமும் வெளியே கசியக் கூடாது என்பதற்காகப் போடும் தாழ்ப்பாள் அது. மென்பொருள் செயலிழந்த பிறகும் சில சமயம் தாழ்ப்பாள் போட்டபடியே இருக்கும். இது பழுது அல்ல. சொன்ன வேலையைச் செய்கிறது.

இணையம் எல்லாம் வருகிறது, வி.பி.என். இணைந்தும் இருக்கிறது, அலுவலகக் கணிப்பொறி மட்டும் கிடைக்கவில்லை என்றால் முகவரிகளை ஒப்பிட்டுப் பாருங்கள். 192.168 என்று தொடங்கும் எண்கள் யார் வேண்டுமானாலும் தம் வீட்டுக்குள் வைத்துக் கொள்ளக் கூடியவை. வீட்டிலும் 192.168.1 வரிசை, அலுவலகத்திலும் அதே வரிசை என்றால் கணிப்பொறி என்ன செய்யும்? ஒரே ஊரில் ஒரே பெயரில் இரண்டு தெருக்கள்! அலுவலகத்துக்கு என்று எழுதிய கடிதத்தை வீட்டுக்குள்ளேயே கொடுக்க முயலும். வீட்டு ரூட்டரின் எண் வரிசையை மாற்றினால் சரியாகிவிடும்.

டிரைவர்மீது சந்தேகம் உறுதியானால் விண்டோஸில் 'டிவைஸ் மேனேஜர்' என்ற பகுதியைத் திறந்து, மறைந்துள்ள சாதனங்களையும் காட்டும்படி கேளுங்கள். என்றோ நீக்கிய வி.பி.என்.களின் கற்பனைக் கார்டுகள் சில அங்கே இன்னமும் குடியிருக்கலாம். மஞ்சள் எச்சரிக்கைக் குறி இருந்தால் அங்கிருந்து தொடங்கலாம். குறைந்த டிரைவர்களுடன் இயங்கும் பாதுகாப்பு முறையில், நெட்வொர்க் வசதியோடு கணிப்பொறியைத் தொடங்கிப் பார்ப்பது இன்னொரு நல்ல சோதனை. அங்கே இணையம் வந்தால் கார்டு நிரபராதி; பின்னால் வந்து சேர்ந்த ஏதோ ஒன்றுதான் காரணம். அதன்பின் சேர்ந்தவற்றை ஒவ்வொன்றாக விலக்குங்கள். ஒரே சமயத்தில் மூன்றை விலக்கினால் இணையம் வரக்கூடும். மூன்றில் எது காரணம் என்பது தெரியாமலே போய்விடும். ரசாயனச் சோதனையில் ஒரு திரவத்தை மட்டும் மாற்றிப் பார்ப்பதில்லையா, அது போலத்தான். ஒவ்வொரு படியிலும் என்ன மாற்றினீர்கள், என்ன ஆயிற்று என்று ஒரு தாளில் குறித்துக் கொள்ளுங்கள்.

2015-இல் தவித்தவர்களுக்கு மைக்ரோசாஃப்ட் சொன்ன வழியும் இந்த மாதிரியே. நெட்வொர்க் பகுதியில் செருகப்பட்டிருக்கும் எல்லா டிரைவர்களையும் பட்டியலிடும் கட்டளை ஒன்று விண்டோஸில் உண்டு. அந்தப் பட்டியலில் பழைய வடிகட்டியின் பெயர் இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொன்னார்கள். இருந்தால் மட்டும் அதை நீக்கவும், அதன் பதிவை அழிக்கவும் இரண்டு கட்டளைகள். பின்னர் கணிப்பொறியை மறுபடியும் தொடங்க வேண்டும். கார்டை எரிந்து போயிற்று என்று நினைத்தவர்களுக்கு வை-ஃபை பெயர்கள் வரிசையாகத் தென்பட்டன.

எல்லா முறையும் பிழை உங்கள் கணிப்பொறியில் இருக்க வேண்டும் என்பதில்லை. 2022 ஜனவரி 11 அன்று வந்த விண்டோஸ் திருத்தத்துக்குப் பிறகு, எல்.2.டி.பி. என்ற முறையில் இயங்கிய வி.பி.என். இணைப்புகள் சில திடீரென நின்று போயின. தவறு திருத்தத்திலேயே இருந்தது. ஜனவரி 17 அன்று அவசரமாக இன்னொரு திருத்தம் வெளியிட்டார்கள். நேற்று வரை ஓடியது இன்று ஓடவில்லை என்றால், இடையில் தானாக ஏதாவது ஏறியிருக்கிறதா என்று தேதியைப் பார்ப்பது மணிக்கணக்கான அலைச்சலை மிச்சப்படுத்தும்.

'உங்கள் எல்லா டிரைவர்களையும் ஒரே சொடுக்கில் சரி செய்கிறோம்' என்று அழைக்கும் இலவச மென்பொருள்கள் இணையத்தில் ஏராளம். அவற்றின் பக்கம் போகாதீர்கள். கருவறைச் சாவியை முன்பின் தெரியாதவரிடம் கொடுப்பதற்கு அது சமம். கணிப்பொறியைச் செய்த நிறுவனத்தின் தளத்திலோ, கார்டைச் செய்த நிறுவனத்தின் தளத்திலோ கிடைக்கும் டிரைவர்தான் ஏற்றது. பள்ளிக் கணிப்பொறியாக இருந்தால் ஆசிரியரிடம் கேட்காமல் எதையும் நீக்க வேண்டாம். அங்குள்ள வடிகட்டி ஒரு காரணத்துக்காகவே போடப்பட்டிருக்கும்.

வீட்டில் யாராவது விண்டோஸைப் புதிய பதிப்புக்கு மாற்றப் போகிறார்கள் என்றால், அதற்கு முன்பே நீங்கள் இரண்டு வேலைகள் செய்து வைக்கலாம். பழைய வி.பி.என். இருந்தால், இணையம் நன்றாக இருக்கும்போதே அதன் சொந்த நீக்கும் நிரலைக் கொண்டு முறையாக நீக்கி, கணிப்பொறியை ஒரு முறை மறுதொடக்கம் செய்யுங்கள். நெட்வொர்க் கார்டின் டிரைவரை இறக்கி ஒரு பென் டிரைவில் போட்டு வையுங்கள். வி.பி.என்.னின் புதிய பதிப்பு வேண்டுமானால் மாற்றம் முடிந்து, இணையம் வருகிறது என்று பார்த்த பிறகு ஏற்றிக் கொள்ளலாம்.